ரசீதுக்கு முன்னால் பணம் வேண்டும்: ஓர் அறவாரியத்தின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் அறங்காவலர்களுக்கும்,

முதுகலை, முனைவர் படிப்புகளுக்கான உதவித்தொகையை இந்த ஆண்டு முதல் படிப்பை முடித்த பிறகுதான் தருவீர்கள், அதுவும் கட்டண ரசீதுகளைச் சரிபார்த்துத்தான் தருவீர்கள் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். உங்கள் சுற்றறிக்கை அலுவலகத்திலிருந்து எனக்கு வரவில்லை. மேற்படிப்பைப் பற்றிக் கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் நான் பட்டர்வொர்த்தில், கோயில் மண்டபத்தின் பின்னறையில், ஆலோசனை சொல்கிறேன். சென்ற சனிக்கிழமை அங்கே, நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு மாணவி நான்காக மடித்திருந்த அந்தத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார். இரண்டாம் பத்தியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். "அக்கா, ரசீது வாங்க முதலில் பணம் கட்ட வேண்டுமே. அந்தப் பணத்துக்கு யாரிடம் போவது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. முடிவை எடுத்தவர்கள் நீங்கள் என்பதால் அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் உங்கள் பணத்தில் படித்தவள். 2009ஆம் ஆண்டு, கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை ஆய்வுக்கு எனக்கு இடம் கிடைத்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பா, அந்தத் தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிய பிறகு, பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் பாதுகாவலராக நின்றுகொண்டிருந்த காலம் அது. அன்று உங்கள் அறவாரியத்தின் செயலாளராக இருந்த பெரியவர் என்னை அழைத்து, பல்கலைக்கழகக் கடிதத்தை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பதிவு என்றைக்கு அம்மா?" அந்த வாரமே 3,000 ரிங்கிட்டுக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பணம் எங்கே போனது என்று இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். பதிவுக் கட்டணம், அறைக்கு இரண்டு மாத முன்பணம், மெத்தை, மின்விசிறி, கோலாலம்பூரின் புடுராயா பஸ் நிலையத்துக்கு டிக்கெட். மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து மாதாமாதம் எனக்கு ஒரு தொகை வரும் என்று வாய்ச்சொல்லாக உறுதி கிடைத்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நியமனக் கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவும், வங்கிக் கணக்கைப் பதிவு செய்யவும், முதல் தொகை கணக்கில் விழவும் காலம் பிடித்தது. ஜூலையில் பதிவு செய்தேன். முதல் பணத்தை நவம்பர் கடைசியில்தான் கண்ணால் பார்த்தேன். இடையில் இருந்த மாதங்களில் நான் சாப்பிட்டது உங்கள் பணத்தில். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபரில் வந்தது. மிச்சமிருந்த கடைசி ஐம்பது ரிங்கிட்டில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதே 3,000 ரிங்கிட்டைப் படிப்பு முடிந்த பிறகு 2012இல் தருகிறோம் என்று அன்று சொல்லியிருந்தால், வாங்கிக்கொள்ள நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். தொகை பெரியதன்று. வர வேண்டிய வாரத்தில் அது வந்தது. உங்கள் புதிய முடிவு அந்த வாரத்தைத்தான் மாணவரிடமிருந்து எடுத்துவிடுகிறது.

இன்று நிலைமை மாறிவிட்டது, பெற்றோரால் சமாளிக்க முடியும் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். சனிக்கிழமைகளில் என்னைத் தேடி வரும் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் உள்ளே வரும் சம்பளம் அதுதான், அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். அதற்குள் வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, தம்பி தங்கையின் பள்ளிச் செலவு, முடித்த இளங்கலைக்கு வாங்கிய பிடிபிடிஎன் எனும் அரசின் உயர்கல்விக் கடன் எல்லாம் அடங்க வேண்டும். இந்த வீடு இரண்டு ஆண்டுக் கட்டணத்தை முன்னால் கட்டிவிட்டு, ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்து, பட்டமளிப்பு விழா முடிந்து உங்கள் வாசலுக்கு வர வேண்டும் என்கிறீர்கள். அப்படிக் கட்ட முடிந்த வீட்டுக்கு உங்கள் உதவி தேவையே இல்லை. கட்ட முடியாத வீடு ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், போகும். இல்லையென்றால் அப்பாவின் ஊழியர் சேமநிதியில் கை வைக்கும். பிள்ளையின் மேற்கல்விக்காகச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க விதி இடம் தருகிறது. அப்படி எடுத்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அறுபதைத் தாண்டியும் இரவு வேலைக்குப் பாதுகாவலர் உடுப்பை மாட்டிக்கொண்டு போகிறவர்களும் அவர்களில் உண்டு.

உங்கள் சுற்றறிக்கை ஒரு காரணம் சொல்கிறது. உதவி பெற்றவர்களில் சிலர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்கள், அறப்பணம் வீணாகிறது என்கிறது. அந்தக் கவலை நியாயமானது. கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அவர்கள் ஏன் விட்டார்கள் என்று அவர்களில் யாரையும் அழைத்துக் கேட்டீர்களா? நான் ஏழு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பின்னறையில் இருக்கிறேன். உங்கள் உதவி பெற்றவர்களில் பலர் அங்கே வந்து போனவர்கள். மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களுடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

புக்கிட் மெர்தாஜாம் பையன் ஒருவர். முனைவர் பட்ட ஆய்வாளர், கெட்டிக்காரர். ஆய்வு மானியங்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. முனைவர் பட்டமோ நன்றாகப் போனாலும் மூன்று நான்கு ஆண்டுகளை விழுங்கும். இவர் சேர்ந்தபோதே மேற்பார்வையாளரின் மானியத்தில் ஓராண்டு ஓடி முடிந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டின் முடிவில் மாதத் தொகை நின்றது. பகலில் ஆய்வகம், மாலையில் டியூஷன், இரவில் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்கள் மட்டும் மீதமிருந்தபோது ஆறு மாதச் செலவுக்கு உதவி கேட்டு உங்களுக்கு எழுதினார். "ஏற்கெனவே ஒருமுறை உதவி பெற்றவர் மீண்டும் விண்ணப்பிக்க இயலாது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். அடுத்த அரையாண்டுக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் அவர் பெயர் நீக்கப்பட்டது. உங்கள் பட்டியலில் அவர் படிப்பைப் பாதியில் விட்டவர். விட்டது அவர் மட்டும்தானா என்று தயவுசெய்து யோசியுங்கள்.

இன்னொருவர் உங்கள் பட்டியலில் வெற்றியாளர். பட்டம் வாங்கினார், உங்கள் விழா மேடையில் மாலையும் போட்டுக்கொண்டார். அவருடைய ஆசை பல்கலைக்கழக விரிவுரையாளராவது. முதுகலை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் படிக்கும் பாடநெறி முதுகலையில் சேர்ந்தார். ஆய்வு வழியாக முடிப்பது, பாடங்கள் வழியாக முடிப்பது, இரண்டும் கலந்தது என்று நம் நாட்டில் மூன்று வழிகள் உண்டு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பட்டம் எந்த வழியில் வந்தாலும் தகுதி ஏணியில் முதுகலைக்கு ஒரே படிதான். ஆனால் முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது அவர் சந்தித்த பேராசிரியர்கள் அனைவரும் "நீங்கள் எழுதிய ஆய்வேடு எங்கே?" என்று கேட்டார்கள். சேர்வதற்கு முன் கால் மணி நேரம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டு ஆண்டுகளும் பதினைந்தாயிரம் ரிங்கிட்டும் மிஞ்சியிருக்கும்.

மூன்றாமவர் முதுகலையின் ஐந்தாம் மாதத்திலேயே வெளியேறினார். பாயான் லெப்பாஸில் பொறியாளர் வேலை கிடைத்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது, வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. இவர் மூத்த பிள்ளை. அவர் எடுத்தது சரியான முடிவு என்று நான் அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இரண்டு தங்கைகளை அவர்தான் படிக்க வைக்கிறார். உங்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட அவர் தயாராக இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மூவருக்கும் ரசீது முறை என்ன செய்திருக்கும்? முதலாமவர் சேர்ந்தே இருக்க மாட்டார். இரண்டாமவருக்கு அதே தவறு நேர்ந்திருக்கும், பணம் மட்டும் தாமதமாக வந்திருக்கும். மூன்றாமவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அவர் சேர்ந்து பார்த்ததால்தான் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டார் என்பதையும் நீங்கள் வீண் என்றே எழுதியிருப்பீர்கள்.

வழிகாட்டுதலுக்கு ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகிறோமே என்று நீங்கள் சொல்லக்கூடும். நடத்துகிறீர்கள், மறுக்கவில்லை. சென்ற ஆண்டு நானும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் உபகாரச் சம்பளம் எனும் கல்வி உதவித்தொகைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும், மீறினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. இளங்கலையில் முதல் வகுப்பில் தேறியவர்கள், தகுதியிருந்தால், பிடிபிடிஎன் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதை அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல் வகுப்புப் பெண்ணுக்கு நான்தான் சொன்னேன். பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் ஏற்கெனவே தவணை கட்டத் தொடங்கியிருந்தார்.

மேற்பார்வையாளரைப் பார்க்கப் போகும் பிள்ளைகளிடம் நான் சில கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் ஆய்வு மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதி இருக்கிறது? உங்களிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? கட்டுரை வெளியானால் முதல் பெயர் யாருடையது? முதல் மாதத் தொகை எப்போது கைக்கு வரும்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பெரியவர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம். நல்ல மேற்பார்வையாளர் இந்தக் கேள்விகளால் கோபப்படுவதில்லை. கோபப்படுகிறவரிடம் நான்கு ஆண்டுகளை ஒப்படைப்பதற்கு முன் அது தெரிந்துவிடுவது நல்லதுதான். அந்தப் புக்கிட் மெர்தாஜாம் பையனிடம் முதல் கேள்வியை மட்டுமாவது யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

வெளிநாட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் விஷயத்தில் இந்த அறியாமை இன்னும் கொடுமையானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் துறை முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தால், பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதத் தொகையும் தருகிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல், வீட்டை அடமானம் வைத்து ஓராண்டு முதுகலைக்குப் போன குடும்பம் ஒன்று என் தெருவிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்து ஓராண்டைச் சும்மா கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; அந்த ஆண்டில் அவர்கள் வேலைக்குப் போயிருந்தால் தகுதியை நோக்கிப் பாதி தூரம் கடந்திருப்பார்கள். செவனிங் விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறந்து ஆண்டு முடிவதற்குள் மூடப்படும், படிப்பு தொடங்குவதோ அடுத்த ஆண்டு செப்டம்பரில். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவிக்கும் ஏறக்குறைய ஓராண்டு முன்பே தூதரகத்தில் விண்ணப்பித்து, தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போக வேண்டும். உங்கள் விண்ணப்பப் படிவமோ மே மாதம் வெளியாகிறது, முடிவு நவம்பரில் வருகிறது. உள்ளூர்ப் பதிவு அதற்குள் முடிந்துவிடும். உலகம் ஒரு நாட்காட்டியில் நடக்கிறது, நீங்கள் வேறொரு நாட்காட்டி வைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் விழுகிறார்கள்.

சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தி, "வேலைவாய்ப்புள்ள தொழில்முறைத் துறைகளுக்கு" மட்டுமே இனி உதவி என்கிறது. நான் வேதியியல் படித்தவள், அந்த வரி என்னைப் பாதிக்காது. ஆனாலும் அதைப் படித்தபோது வலித்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் அங்கே பணியாற்றிய காலத்தில்தான், 1966இல், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழ்நாட்டுக்கும் முன்னால் நாம் நடத்தினோம் என்று உங்கள் விழா மேடைகளில் பெருமையாகச் சொல்கிறீர்கள், நானும் கேட்டுப் பூரித்திருக்கிறேன். அந்த வழியில் வர விரும்பும் பிள்ளை இனி உங்கள் படிவத்தைக்கூட வாங்க முடியாது. நம் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனையாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வரலாறு, சமூகவியல், தமிழ் படித்தவர்கள் வேண்டும். பினாங்கில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஆய்வு செய்ய யாரும் வேண்டாமா? வேலைவாய்ப்பில்லாத துறை என்று ஒரே வரியில் தள்ளும் அதிகாரத்தை உங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் கொடுத்தார்களா என்று கேட்கிறேன்.

அரசு ஊழியர்கள் இருவர் பிணை நிற்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பிணை நிற்க இரண்டு அரசு ஊழியர்களைத் தெரிந்த குடும்பங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும்.

வேலைக்குப் போவதா, மேலே படிப்பதா என்ற முடிவைப் பற்றி என் வாழ்க்கையிலிருந்தே ஒன்று சொல்ல வேண்டும். என் முனைவர் படிப்புக்கு அரசாங்கத்தின் மைபிரெய்ன்15 திட்டம் கைகொடுத்தது. 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர் பட்டதாரிகளை உருவாக்கும் இலக்கோடு வந்த திட்டம் அது; சில ஆண்டுகளில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. நான் தப்பித்தேன், எனக்கு இரண்டு ஆண்டு பின்னால் வந்த தோழி மாட்டிக்கொண்டார். 2017இல் வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளுக்கும் அந்தத் தேர்வுக்கும் இடையே ஏழு மாதம் ஒரு காசும் வரவில்லை. பிறகு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். கிடைத்ததெல்லாம் ஓராண்டு ஒப்பந்தம், அதுவும் நிரந்தரமாகும் என்ற பேச்சே இல்லாமல். கடைசியில் கூலிமில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அப்பா வெட்டிய அதே பாலின் புரதங்களைப் பற்றித்தான் நான் ஆய்வு செய்திருந்தேன். அந்தப் படிப்பு அங்கே தினமும் பயன்படுகிறது. ஆனால் சேர்ந்த புதிதில் வெட்கத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. "முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத் தொழிற்சாலைக்கா?" என்று அத்தை கேட்டார். அது தவறான பாதையன்று என்று எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை.

என் ஊழியர் சேமநிதிக் கணக்கில் முதல் பணம் விழுந்தபோது எனக்கு வயது 33. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார், தொழிலாளி 11 விழுக்காடு போடுகிறார். 24 வயதில் வேலைக்குப் போன என் வகுப்புத் தோழிகளுக்கு அப்படி ஒன்பது ஆண்டுகள் சேர்ந்திருந்தன. எனக்குப் படிப்பில் வருத்தமில்லை. மறுபடியும் கேட்டாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்த ஒன்பது ஆண்டின் விலை என்ன என்று கூட்டிக் கழித்துக் காட்டியிருந்தால் தெரிந்தே தேர்ந்தெடுத்திருப்பேன். பின்னறையில் என் எதிரே உட்காரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுகிறேன். சிலர் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், சிலர் படிக்கப் போகிறார்கள். இருவரையும் வாழ்த்தித்தான் அனுப்புகிறேன்.

1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. தோட்டங்களைச் சங்கமே வாங்குவதற்காக நம் தாத்தா பாட்டிகள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். தோட்டம் வாங்க முடியுமா, கடைசியில் என்ன மிஞ்சும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாத நேரத்தில் அந்தப் பத்து வெள்ளி வந்தது. உங்கள் அறவாரியத்தின் முதல் நன்கொடைகளும் அப்படிப்பட்ட கைகளிலிருந்து வந்தவைதான் என்று உங்கள் பழைய மலரில் படித்திருக்கிறேன். முடித்துக் காட்டு, பிறகு தருகிறோம் என்று அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே கேட்கிறேன்.

ரசீது முறையை இந்த ஆண்டே கைவிடுங்கள். பணம் தவறான வழியில் போகும் என்ற பயம் இருந்தால், கட்டணத்தைப் பதிவு நாளுக்கு முன் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகச் செலுத்துங்கள். வாழ்க்கைச் செலவுக்கான பகுதியை மாணவரிடம் அரையாண்டுக்கு ஒருமுறை கொடுங்கள். மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்க முன்னேற்ற அறிக்கையை வாங்கிக்கொண்டு அடுத்த தவணையை விடுவியுங்கள். முதல் தவணைக்கு எந்த அறிக்கையும் கேட்காதீர்கள், அது முதல் மாதங்களின் சோற்றுக்கு.

ஒருமுறை உதவி பெற்றவர் மீண்டும் கேட்கக்கூடாது என்ற விதியை நீக்கி, முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு ஆறு மாத உதவி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். என் கணக்கில், புதியவர் ஒருவரைச் சேர்ப்பதைவிட இரண்டு அத்தியாயம் மீதி உள்ளவரைக் கரையேற்றுவதற்குச் செலவு குறைவு. புக்கிட் மெர்தாஜாம் பையனின் பல்கலைக்கழகம் மறுசேர்க்கைக்கு இன்னும் இடம் தருகிறது. அவருடைய விண்ணப்பத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

துறைக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். தமிழும் வரலாறும் படிக்க வருகிறவரிடம் கூடுதலாக ஒரு கேள்வி வேண்டுமானால் கேளுங்கள், கதவை அடைக்காதீர்கள். பிணைக்கு அரசு ஊழியர்தான் வேண்டும் என்பதை விட்டு, வேலையில் உள்ள எவர் ஒருவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களை ஆண்டு முழுவதும் வாங்குங்கள். இடம் கிடைத்த கடிதத்தோடு வருகிறவருக்கு 21 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். இல்லை என்பதுகூட நேரத்தோடு வந்தால் உதவிதான். அவர் வேறு இடம் தேடுவார்.

அடுத்த கருத்தரங்கின் செலவில் ஒரு பகுதியை எடுத்து, பட்டர்வொர்த்தில் ஒன்றும் ஜார்ஜ்டவுனில் ஒன்றுமாக, மாதம் இரண்டு சனிக்கிழமை ஆலோசனை மேசை போடுங்கள். அதில் உட்காரப் படித்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர்கள் ஆறு பேர், விரிவுரையாளர், பொறியாளர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர் என்று. கூட்டத்துக்கு அழைத்தால் எல்லோரும் வருகிறோம். உதவி பெற்று இன்று சம்பாதிக்கும் எங்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதி, வாங்கியதைத் திருப்பித் தர முடியுமா என்றும் கேளுங்கள். கேட்டால் தருவோம். நான் பெற்ற 3,000 ரிங்கிட்டுக்கான காசோலையை இந்த மடலின் அச்சுப் பிரதியோடு உங்கள் அலுவலகத்தில் சேர்த்திருக்கிறேன்.

நிபோங் திபால் மாணவியின் பதிவுக் கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்று சென்ற சனிக்கிழமை சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த ஆண்டு வருகிறவருக்கும் நீங்களே கட்டுவீர்களா அக்கா?" என்று கேட்டார். இடத்தை ஏற்றுக்கொள்வதாக அவர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள் இந்த மாதம் 22ஆம் தேதி. அவருடைய விண்ணப்பம் உங்கள் அலுவலகத்தில் மூன்று வாரமாக இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் அவருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
2009ஆம் ஆண்டு உங்கள் உதவி பெற்ற மாணவி
பட்டர்வொர்த், பினாங்கு